அம்மா போட்ட ரூம்

ரூம் வேணாம் மேடம். நான் ரூம் போட வரல. எங்கம்மா உங்க லாட்ஜ்ல தங்கியிருக்காங்க, அவங்களப் பாக்கணும். பேரு செண்பகவல்லி. அருப்புக்கோட்டை. வியாழக்கிழமை வந்திருப்பாங்க. கையில பச்சைக் கலர் பேக் ஒண்ணு இருந்திருக்கும், என்னோட பழைய காலேஜ் பேக்.

ரூம் நம்பர் சொல்ல மாட்டீங்களா. சரி. நல்ல விஷயம்தான். வந்தவன் போனவன் கேட்டதும் நம்பரச் சொல்ற லாட்ஜ் எல்லாம் ஒரு லாட்ஜே இல்ல. ரிவ்யூ எழுதுனா இத நான் பிளஸ் பாயிண்டாத்தான் எழுதுவேன். ஆனா நான் வந்தவன் போனவன் இல்ல மேடம், மகன். நிரஞ்சன். ஆதார் வேணும்னா பாருங்க.

என்னது? யாரு வந்து கேட்டாலும் சொல்லாதீங்கன்னு அவங்களே சொன்னாங்களா? எங்கம்மாவா?

இப்பத்தான் மேடம் எனக்கு சந்தேகம் கூடுது. ஒரு அஞ்சு நிமிஷம் உக்காந்துக்கறேன். நடந்தது பூரா சொல்றேன், கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. நீங்க உங்க வேலையப் பாத்துக்கிட்டே கேளுங்க, பரவாயில்ல.

எங்க வீட்ல மட்டுமில்ல, நான் வேல பாக்குற மில் ஆபீஸ்லயும் யாரு எந்த ஊருக்குப் போனாலும் ரூம் பாத்துக் குடுக்கறது நான்தான். காசுக்கு இல்ல, ஒரு வெறி. மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் எல்லாரும் ரீல்ஸ் பாப்பாங்க, நான் ரூம் பாப்பேன். போகாத ஊருக்கெல்லாம் பாப்பேன். அஞ்சு ஸ்டார் ரிவ்யூவ நான் படிக்கவே மாட்டேன், அதெல்லாம் ஓனரோட மச்சினன் எழுதறது. ஒரு ஸ்டார்லேர்ந்து ஆரம்பிக்கணும். அப்புறம் போட்டோ. கட்டில் மேல துண்டுல அன்னப்பறவை செஞ்சு வெச்சிருக்காங்களா, அங்க தண்ணி ஒழுங்கா வராது. ஜன்னல் ஸ்கிரீன மூடிட்டு எடுத்திருக்காங்களா, பின்னாடி சாக்கடை, இல்லன்னா கல்யாண மண்டபம். "உங்க வீடு மாதிரியே இருக்கும்"னு போட்டிருந்தா அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது. நம்ம வீடு மாதிரி இருக்கறதுக்கு நாம எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்?

ஏன் மேடம் சிரிக்கிறீங்க? நெசமாத்தான்.

இதுல முக்கியமானது என்னன்னா டிராவல் ஸ்டைல். ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஸ்டைல் இருக்கு. அதத் தெரிஞ்சுக்காம ரூம் போடறவன் எல்லாம் கண்ணக் கட்டிக்கிட்டு போடறான். எங்கப்பாவ எடுத்துக்கோங்க. ஈபி-யில இருந்து ரிட்டயர் ஆனவரு. அவருக்கு பால்கனி வேணும், நாற்காலி வேணும், காலையில பேப்பர் வரணும், அவ்வளவுதான். மஞ்சரி அக்காவுக்கு போட்டோ எடுக்க நல்ல செவரு வேணும். அத்தானுக்கு கார் கண்ணு முன்னாடி நிக்கணும், இல்லன்னா தூங்க மாட்டாரு. அக்கா பிள்ளைகளுக்கு தொட்டியோ குளமோ ஏதோ ஒரு தண்ணி. அக்கா மாமியாருக்கு கீழ்வீடு, படி ஏற முடியாது. எனக்கு வ்யூ.

அம்மாவுக்கு கிச்சன்.

இத நான் யாரையும் கேட்டு தெரிஞ்சுக்கல மேடம், நானே கவனிச்சு கண்டுபிடிச்சது. எங்க போனாலும் அம்மா நேரா போற எடம் அதான். அதனால ரூம் தேடற ஆப்புல மொத டிக் அதுக்குத்தான் போடுவேன். கிச்சன். சும்மா பேருக்கு ஒரு அடுப்பு வெச்சுட்டு கிச்சன்னு சொல்றவங்க இருக்காங்க, அவங்ககிட்ட ஏமாற மாட்டேன். போன் போட்டு கேப்பேன். கிரைண்டர் இருக்கா, குக்கர் எத்தன லிட்டரு, இட்லிச் சட்டி இருக்கா, சிங்க் பெருசா. எந்தப் பிள்ளை மேடம் அம்மாவுக்காக இவ்வளவு விசாரிப்பான்?

போன வருஷம் வால்பாறையில ஒரு வீடு புடிச்சுக் குடுத்தேன். அந்த மாதிரி கிச்சன் நீங்க பாத்திருக்க மாட்டீங்க. ஜன்னலத் தொறந்தா மலை. அம்மா மலையப் பாத்துக்கிட்டே பூரி போட்டாங்க. நாங்க எல்லாரும் எஸ்டேட்டு பாக்கப் போயிட்டு வந்தா, சுடச்சுட சாப்பாடு. சாப்பிட்டுட்டு டேம் பாக்கப் போனோம், வந்தா பஜ்ஜி. அப்படி ஒரு டிரிப்பு. என்ன, ஊருக்குத் திரும்பி வந்தப்புறம் அம்மா ஒரு நாள் திடீர்னு கேட்டாங்க, "அங்க டீ எஸ்டேட்டெல்லாம் இருந்துச்சாமேடா, அழகா இருந்துச்சா?"ன்னு. அவங்களும் எங்ககூட அங்கதான் இருந்தாங்க மேடம். எனக்கு அப்பவே ஒரு டவுட்டு, மறதி ஆரம்பிச்சிருச்சோன்னு. டாக்டர்கிட்ட காட்டணும்னு அப்பாகிட்ட சொன்னேன். "அவ உப்பு போட மறக்கலியே, அப்புறமென்ன"ன்னுட்டாரு.

சரி, இந்த வருஷத்துக்கு வர்றேன்.

சாரல் ஆரம்பிச்சதும் குத்தாலம்னு முடிவு பண்ணியாச்சு. அஞ்சருவிப் பக்கம் ஒரு ஹோம்ஸ்டே பாத்து பேசி வெச்சேன். அம்மாகிட்ட போட்டோ, ஓனர் நம்பரு எல்லாம் காட்டுனேன். மொத கேள்வியே, "கிச்சன் இருக்காடா?" "பெரிய கிச்சன்மா"ன்னேன். கொஞ்ச நேரம் போட்டோவையே பாத்தாங்க. "கிச்சன் இல்லாத எடமே இருக்காதா?"ன்னு கேட்டாங்க. பாவம், அப்படி ஏதாச்சும் எடத்துல கொண்டு போய் தள்ளிருவேனோன்னு பயம். நான் சொன்னேன், "அம்மா, நான் இருக்கற வரைக்கும் அந்த மாதிரி எடத்துக்கு உன்னக் கூட்டிட்டுப் போக மாட்டேன்"னு. கையடிச்சே சொன்னேன்.

ரெண்டு நாள் கழிச்சு அந்த ஓனருக்கு போன் போட்டா, "நீங்கதான் வரலைன்னு சொல்லிட்டீங்களே தம்பி"ங்கறாரு.

"யாரு சொன்னா?"

"உங்க வீட்லேர்ந்து ஒரு அம்மா பேசுனாங்களே."

"என்ன பேரு?"

"பேரு கேக்கல. ரொம்ப மரியாதையா பேசுனாங்க. சிரமம் குடுத்ததுக்கு மன்னிச்சுக்கோங்கன்னு வேற சொன்னாங்க."

மன்னிப்பு கேட்டு யாராச்சும் ரூம் கேன்சல் பண்ணுவாங்களா மேடம்? அங்கயே ஆளு மாட்டிக்கிட்டாரு. சீசன்ல இவனுங்க பண்ற வேலைதான இது, வேற பார்ட்டி வந்திருப்பான், நம்மளக் கழட்டி விட ஒரு கதை. நான் விடல. ஒரு ஸ்டார் போட்டு நல்லா நீளமா எழுதுனேன். வீட்ல வாசிச்சுக் காட்டுனேன். அம்மா மட்டும், "பாவம்டா அந்த ஆளு, அழிச்சிரு"ன்னாங்க. அவங்க மனசு அப்படி.

அடுத்தது பழைய குத்தாலம் ரோட்ல ஒரு வீடு. எங்க ஃபேமிலி குரூப்ல போட்டோ, நம்பரு எல்லாம் போட்டேன். எல்லாரும் கை தட்டுற பொம்மை போட்டாங்க. அம்மா ஒண்ணும் போடல. அவங்க குரூப்ல காலை வணக்கம் மட்டுந்தான் போடுவாங்க. மறுநாள் அந்த வீட்டு வாட்ச்மேன் எனக்கு போன் பண்றாரு. "சார், ஒரு லேடி பேசுனாங்க. வீட்ல இருக்கற அடுப்பக் கழட்டி உள்ள வெச்சு பூட்டிர முடியுமா, வர்றவங்க கேட்டா ரிப்பேருன்னு சொல்லிருங்கன்னு கேக்கறாங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

கேட்டீங்களா மேடம்? ரூம் பறிக்கற கும்பல் கேள்விப்பட்டிருக்கேன். அடுப்பு பறிக்கற கும்பல் இருக்கா? எங்க நம்பரு, நாங்க போற தேதி எல்லாம் தெரிஞ்சு வெச்சு ஒரு பொம்பள வேல பாக்குறா. அந்த வீட்ட நானே வேணாம்னுட்டேன். பாதுகாப்பு முக்கியம்ல?

அப்புறம் ஒவ்வொருத்தரா சந்தேகப்பட்டேன். மொதல்ல அக்கா மாமியாரு. அவங்களுக்கு ராமேஸ்வரம் போகணும்னு ஆசை. குரல் மரியாதையா இருந்துச்சுன்னு சொன்னதால அவங்கள விட்டுட்டேன். அத்தான்? ஆளு ஆம்பள. அக்கா மேலதான் நெறைய டவுட்டு இருந்துச்சு. இதச் சொன்னப்பெல்லாம் அவ குனிஞ்சு குனிஞ்சு சிரிச்சா. கேட்டா, "ஒண்ணுமில்லடா, நீ பெரிய துப்பறியும் புலி"ங்கறா.

அம்மாவையா? என்ன மேடம் கேக்கறீங்க. அவங்க ஏன் பண்ணப் போறாங்க. அவங்களுக்காகத்தான கிச்சனே.

மூணாவது வீட்ட யாருகிட்டயும் சொல்லல. குரூப்லயும் போடல. கெளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, புதன்கிழமை சாப்பிடறப்பத்தான் சொன்னேன். அம்மா தோசை ஊத்திக்கிட்டு இருந்தாங்க. "அம்மா, இந்தத் தடவ நீ அசந்துருவ, கிச்சன் மட்டும் நம்ம ஹால் சைஸு. ஆறு பேரு ஒண்ணா நின்னு சமைக்கலாம்"னேன்.

"யாரு அந்த ஆறு பேரு?"ன்னு கேட்டாங்க.

எல்லாரும் சிரிச்சோம். அம்மா அடுப்ப அணைச்சுட்டு போய் படுத்துட்டாங்க. எனக்கு இன்னும் ஒரு தோசை வேண்டியிருந்துச்சு, தண்ணியக் குடிச்சுட்டு எந்திரிச்சுட்டேன்.

வியாழக்கிழமை காலையில எந்திரிச்சா அம்மா இல்ல. அப்பாகிட்ட, "நான் குத்தாலத்துக்கு முன்னாடி போறேன், நீங்க எல்லாரும் பின்னாடி வாங்க"ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டாங்க. அப்பா கவலையே படல. "மொதல்லயே போய் அடுப்படியக் கழுவி வெக்கப் போறா போல"ன்னாரு. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஏன்னா எங்க தங்கப் போனாலும், ஒரு நாளைக்குன்னாலும் சரி, அம்மா மொதல்ல அடுப்பத் தொடச்சு பொட்டு வெச்சு பால் காய்ச்சிட்டுத்தான் மறுவேல. வால்பாறையிலயும் அப்படித்தான், கொடைக்கானல்லயும் அப்படித்தான். அத்தானே சொன்னாரு, "அத்தையோட டெடிகேஷனே டெடிகேஷன்"னு. நான் அந்த வீட்டு அட்ரஸக் கூட அம்மாவுக்கு சொல்லலியேன்னு வெள்ளிக்கிழமை கார்ல வர்றப்பதான் எனக்கு ஒறைச்சது.

தென்காசியில நிறுத்தி காய் எல்லாம் வாங்கிட்டு வந்தோம். வீட்டத் தொறந்தா அம்மா இல்ல. அடுப்பு காஞ்சு கெடக்கு. போன் பண்ணுனா எடுக்கல, "நல்லா இருக்கேன்"னு ஒரு மெசேஜ் வருது. அவ்வளவுதான். நாங்க ஏழு பேரு அந்தப் பெரிய கிச்சன்ல நின்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறோம். அக்கா சோறு வெச்சா, குழைஞ்சுருச்சு. அப்பா ரசம் வெக்கறேன்னு எறங்குனாரு, அத பத்தி பேச வேணாம். அக்கா மாமியாரு பிஸ்கட் சாப்பிட்டு படுத்துட்டாங்க. யாரும் அருவிப் பக்கமே போகல மேடம். போக நேரமில்ல. நறுக்கறதும் கழுவறதுமாவே பொழுது போயிருது. இது எப்படின்னே புரியல. போன தடவையெல்லாம் எவ்வளவு நேரம் இருந்துச்சு.

இன்னைக்கு காலையில அக்காவ மடக்கிக் கேட்டேன். அவளுக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கு. உங்க லாட்ஜ் பேரச் சொன்னா. "அவங்களே தேடி, அவங்களே போன் பண்ணி, அவங்களே போட்ட ரூமு. நீ போய் தொந்தரவு பண்ணாத. விட்டுத் தொலைடா"ன்னா. பாருங்க, எங்கக்காவையும் கைக்குள்ள போட்டிருக்காங்க. யாருன்னுதான் தெரியல.

பஸ்ல வர்றப்ப உங்க லாட்ஜ் ரிவ்யூ பூரா படிச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க, நான் படிச்சதச் சொல்றேன். "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். வ்யூ இல்லை." "ரூமில் சமைக்க விடவில்லை, குழந்தைக்குப் பால் சுட வைக்கக் கூட கீழே வர வேண்டும்." ஒருத்தரு எழுதியிருக்காரு, "மனைவி இருந்தும் மூன்று வேளையும் இவர்கள் கேண்டீனில்தான் சாப்பிட வேண்டியதாயிற்று"ன்னு, ஒரு ஸ்டாரு. பால்கனி கெடையாது, கெட்டில் கெடையாது. எங்கம்மாவோட டிராவல் ஸ்டைலுக்கு நேர் எதிர் மேடம் இது. நான் எந்த டிக் போட்டாலும் இந்த லாட்ஜ் வரவே வராது. இத்தன லாட்ஜ் இருக்கற ஊர்ல, ஒரு அம்மா இதத் தேடிப் புடிச்சு வர்றாங்கன்னா யாரோ ஏதோ சொல்லித்தான கூட்டிட்டு வந்திருக்கணும்? கழுத்துல சங்கிலி வேற போட்டிருக்காங்க.

போன்ல அவங்ககிட்ட பேசுனது நீங்கதானா? என்ன கேட்டாங்க?

ரூம்ல சமைக்கலாமான்னு கேட்டாங்களா. பாத்தீங்களா, எனக்குத் தெரியும். நீங்க என்ன சொன்னீங்க? கூடாதுன்னு. "கண்டிப்பா கூடாதா?"ன்னு மறுபடியும் கேட்டாங்களா. யாரு வந்து கேட்டாலும் விட மாட்டீங்களான்னா கேட்டாங்க? பாவம் மேடம். எவ்வளவு ஏக்கமா கேட்டிருப்பாங்க. நீங்க கொஞ்சம் எறங்கி வந்திருக்கலாம்.

இல்ல மேடம், சமைக்கறதுக்காக கூப்பிட வரல. நீங்க அப்படி பாக்காதீங்க. எங்களுக்கு அம்மா கூட இருந்தா போதும். சும்மா நாற்காலியப் போட்டு உக்காரட்டும், கிச்சன்லயே உக்காரட்டும், எது எவ்வளவு போடணும்னு வாயில சொன்னா போதும், நாங்க பாத்துக்குவோம். எங்க எல்லாருக்கும் கஷ்டமா இருக்குங்கறது வேற. அவங்களுக்கு எப்படி இருக்கும், அத யோசிங்க. ஒத்தையில, ஒரு வேலையும் இல்லாம, நாலு செவத்தப் பாத்துக்கிட்டு.

அருவிக்கா? டெய்லியா? காலையிலயும் சாயங்காலமுமா?

இல்ல மேடம், நீங்க வேற யாரையோ சொல்றீங்க. எங்கம்மாவுக்கு தண்ணி ஆகாது. இத்தன தடவ வந்திருக்கோம், அவங்க தலைய நனைச்சு நான் பாத்ததில்ல. எங்க துணியெல்லாம் மடியில வெச்சுக்கிட்டு கரையில உக்காந்திருப்பாங்க, அதான் அவங்களுக்குப் புடிக்கும். வேற என்ன பண்றாங்க? தூங்குறாங்களா? பகல்லயா? மத்தியானம் சாப்பிட்டு படுத்தா சாயங்காலந்தான் எந்திரிக்கறாங்களா?

எங்கம்மா பகல்ல தூங்க மாட்டாங்க மேடம். நான் பாத்ததே இல்ல.

மேடம், உங்களக் கையெடுத்துக் கும்புடறேன். ரூம் நம்பரு வேணாம். மேல போக மாட்டேன். அந்த இன்டர்காம்ல ஒரே ஒரு தடவ போட்டுக் குடுங்க, குரலக் கேட்டுட்டு போயிடறேன். கேட்டுப் பாருங்க, பேசறேன்னு சொன்னா குடுங்க.

சரின்னாங்களா?

ஹலோ. அம்மா, நான்தான். கீழ இருக்கேன். இல்லம்மா, யாரு கோவப்பட்டா. நல்லா இருக்கியா? இல்ல, அக்கா ஒண்ணும் சொல்லல, நானே கண்டுபிடிச்சேன். அப்பாவா, இருக்காரு, ரசம் வெச்சாரு. ஏம்மா சிரிக்கிற? எப்ப வர்ற? திங்கக்கிழமையா? நாங்க நாளைக்கே கெளம்புறோமேம்மா. பஸ்ல வந்துருவியா? இல்ல, நாங்க வேணா இருந்து கூட்டிட்டு, ஓ. வேணாமா. அது இல்லம்மா, இந்த சாம்பாருக்கு புளி எவ்வளவு. பாத்து போட்டுக்கோங்கன்னா எப்படிம்மா பாக்கறது? அம்மா? ஹலோ?

வெச்சுட்டாங்க.

நல்லா இருக்காங்களாம். காலையில தோசை ரூமுக்கே கொண்டாந்து குடுத்தீங்களாம், முறுகலா. "இன்னொண்ணு வேணுமாம்மான்னு என்கிட்ட கேட்டாங்கடா"ன்னாங்க. அதையே ரெண்டு தடவ சொன்னாங்க. "என்னைய கேட்டாங்கடா"ன்னு. எதுக்கு அதப் போய் ரெண்டு தடவ சொல்லணும்?

ஆனா மேடம், இன்னொண்ணு கவனிச்சீங்களா? மணி ரெண்டாகப் போகுது. நான் இவ்வளவு தூரம் வந்து கீழ நிக்கறேன்னு தெரியும். சாப்பிட்டியான்னு ஒரு வார்த்த கேக்கல. கர்ப்பப்பை ஆபரேஷன் முடிஞ்சு மயக்கம் தெளிஞ்சு கண்ணத் தொறந்ததும் எங்கம்மா மொதல்ல கேட்டது அதான் மேடம். நர்ஸு கூட சிரிச்சாங்க. மில்லுல நைட் ஷிஃப்ட்டு, சண்டை போட்டு பேசாம இருந்த நாளு, எப்ப போன் பண்ணுனாலும் ஹலோவுக்கு முன்னாடி அதத்தான் கேப்பாங்க. இன்னைக்கு கேக்கல.

குரல் அவங்க குரல்தான். ஆனா கேக்கலியே.

நான் இங்கயே நிக்கறேன், ஒரு அடி கூட எடுத்து வெக்க மாட்டேன். நீங்க மட்டும் ஒரு தடவ மேல போய் நல்லா பாத்துட்டு வந்து சொல்லுங்க மேடம். அந்த ரூம்ல இருக்கறது எங்கம்மாதானா?